மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு

மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்பது சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைகளைக் கணக்கெடுத்து, அவற்றின் முட்டைகளைப் பாதுகாத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் சேர்க்கும் தன்னார்வக் குழு ஆகும். இது 1988 ஆம் ஆண்டில் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு எஸ். எஸ். டி. சி. என். எனவும் அழைக்கப்படுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் ஏப்பிரல் வரை இக்குழுவினர் இரவில் கடற்கரையோரமாக நடந்து ஆமைகளின் தடங்களையும் கூடுகளையும் கரையொதுங்கிய உடல்களையும் தேடிப் பதிவு செய்கின்றனர். கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துச் சென்றுவிடுவார். கடலாமைக் குஞ்சு ஒன்று முதிர்ந்து முட்டையிட வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். எனவே ஆமைகளின் நிலையை அறிய ஒருவரின் உழைப்பு போதாது. ஆள் மாறினாலும் முறை மாறாத பதிவு தேவை. அத்தகைய தொடர்ச்சியான பதிவை உருவாக்கியதே இக்குழுவின் முதன்மையான பங்களிப்பு எனலாம்.

சென்னைக் கடற்கரையின் கடலாமைகள்

இந்தியக் கடற்பகுதியில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவை பங்குனி ஆமை, பச்சை ஆமை அல்லது பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை எனப்படும் ஏழுவரி ஆமை என்பனவாகும். சென்னைக் கரையில் முட்டையிடுவன பெரும்பாலும் பங்குனி ஆமைகளே. ஒலிவ நிற ஓட்டைக் கொண்டதால் இது ஒலிவ நிறச் சிற்றாமை எனவும் வழங்கப்படும். இதன் அறிவியற் பெயர் லெப்பிடோக்கெலிசு ஒலிவேசியா. கடலாமை இனங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான இதன் ஓடு ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. நீளமும், உடல் ஏறத்தாழ 35 முதல் 45 கிலோகிராம் எடையும் கொண்டது.

பெண் ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத மேட்டில் பின்துடுப்புகளால் குழி பறிக்கும். குடுவை வடிவில் அமையும் இக்குழி ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் இருக்கும். அதனுள் நூறு முதல் நூற்று இருபது வரையான முட்டைகளை இட்டு மணலால் மூடி, தன் உடலால் தட்டி இறுக்கிய பின் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகள் 45 முதல் 55 நாட்களில் பொரிகின்றன. குஞ்சுகளின் பாலினத்தைக் கூட்டின் வெப்பநிலை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 முதல் 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பெண் குஞ்சுகளும், அதற்குக் குறைந்த வெப்பத்தில் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றும்.

ஒடிசா மாநிலத்தின் ககிர்மாதா, ருசிகுல்யா ஆகிய கரைகளில் இவ்வாமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே வேளையில் கரையேறுகின்றன. தமிழகக் கரையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இங்கு ஆமைகள் தனித்தனியாகவே வருகின்றன. ஒரே இரவில் நீண்ட கரையில் ஓரிரு கூடுகளே அமையலாம். எதுவும் அமையாமலும் போகலாம். ஆகவே இங்கு கணக்கெடுப்பு என்பது நடந்து தேடுவதாகவே இருக்க முடியும்.

இந்தியாவில் பங்குனி ஆமை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

சென்னையில் கடலாமைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் தோன்றியது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலசு விட்டேக்கரும் அவருடன் இருந்த இளைஞர்களும் இதனைத் தொடங்கினர். அக்காலத்தில் ஆமை முட்டைகள் உணவுக்காகப் பரவலாகத் தோண்டி எடுக்கப்பட்டன. நாய்களும் நரிகளும் கூடுகளைக் கிளறின. எனவே கண்டெடுத்த முட்டைகளை வேலியிட்ட இடத்தில் புதைத்துப் பாதுகாக்கும் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககாலக் கடலாமைப் பொரிப்பகங்களுள் இதுவும் ஒன்றாகும். 1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் பொரிப்பகம் ஒன்றை நடத்தியது. 1980களில் இப்பணியைத் தமிழ்நாடு வனத்துறை மேற்கொண்டது.

சதீசு பாசுகர்

பாம்புப் பண்ணையைச் சுற்றி உருவான இளைஞர் வட்டத்தில் குறிப்பிடத்தக்கவர் சதீசு பாசுகர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றுவந்த இவர், கடலின் மீதிருந்த ஈடுபாட்டால் படிப்பை விட்டுக் கடலாமை ஆய்வில் இறங்கினார். 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியையும் இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகியவற்றின் கரைகளையும் நடந்தே ஆய்வு செய்தார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பது குறித்து இந்தியாவில் இன்றுள்ள அறிவின் அடித்தளம் பெருமளவில் இவரது குறிப்பேடுகளிலிருந்து எழுந்ததாகும்.

1982 ஆம் ஆண்டில் இலட்சத்தீவுகளில் உள்ள சுகேலி என்னும் ஆளில்லாத் தீவில் இவர் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தனியே தங்கினார். அங்கு பச்சை ஆமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆகும். அப்பருவத்தில் படகுப் போக்குவரத்து நின்றுவிடும் என்பதால், மழைக்கு முன்பே தீவை அடைந்து மழை ஓயும்வரை அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. அவர் மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அப்புட்டி சுமார் 800 கி.மீ. மிதந்து இலங்கைக் கரையை அடைந்து, அங்கிருந்த மீனவர் ஒருவர் கைக்குக் கிடைத்தது. அவர் அதனை அஞ்சலில் உரியவருக்கு அனுப்பிவைத்தார். சதீசு பாசுகர் 2023 ஆம் ஆண்டில் காலமானார்.

மாணவர் குழுவின் தோற்றம்

1980களின் இறுதியில் வனத்துறையின் சென்னைப் பொரிப்பகப் பணி நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்த கல்லூரி மாணவர்கள் 1988 இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர். நிறுவனர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியரானார். இவர் 1999 இல் கடலாமைகளுக்கென ‘கச்சபா’ என்னும் செய்தி மடலைத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பை முடித்த பின்னரும் பலர் குழுவில் தொடர்ந்து, புதிதாக வரும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளனர்.

கணக்கெடுப்பு முறை

நடக்கும் வழி

நடையின் முதன்மையான பகுதி நீலாங்கரையிலிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை செல்லும் சுமார் 7 கி.மீ. கரையாகும். அடையாற்றின் முகத்துவாரம் கரையைப் பிரிப்பதால், அதற்கு வடக்கே சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் முதல் மெரினா வரையான கரை தனியாக நடக்கப்படுகிறது. நடை இரவு 11 மணியளவில் தொடங்கி விடியலுக்கு முன் முடியும். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். ஏனைய இரவுகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மட்டும் செல்வர்.

தடத்தைப் படித்தல்

ஆமையை நேரில் காண்பதைவிட அதன் தடத்தைக் காண்பதே மிகுதி. நீர்விளிம்பையொட்டி நடப்பவர் கடலிலிருந்து மேலேறும் தடத்தைத் தவறவிட மாட்டார். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகர்வதால் அதன் தடத்தில் இருபுறக் குறிகளும் ஒன்றுவிட்டொன்றாக அமையும். பச்சை ஆமை முன்துடுப்புகள் இரண்டையும் ஒருசேர வீசி நகர்வதால் அதன் தடத்தில் குறிகள் நேரெதிராக அமையும். இவ்வாறு ஆமையைக் காணாமலேயே இனத்தை அறியலாம்.

ஏறு தடமும் இறங்கு தடமும் இருந்து, இடையில் கிளறிய மணல் இல்லையெனில் ஆமை முட்டையிடாமல் திரும்பியுள்ளது எனப் பொருள். இது போலி ஏற்றம் எனக் குறிக்கப்படும். ஒளி, ஆளரவம், நாய், கடினமான மணல் போன்றவை இதற்குக் காரணமாகலாம். கிளறிய மணல் இருந்தால் முட்டைக் குழியின் வாயை மெல்லிய கோலால் கவனமாகத் தேடுவர். குழியின் மேலுள்ள மணல் தளர்ந்திருப்பதால் அவ்விடத்தில் கோல் எளிதாக இறங்கும். முட்டையில் படாதவாறு கோலை நிறுத்துவதற்குப் பழக்கம் தேவை என்பதால் புதியவர்கள் இப்பணியில் ஈடுபடுத்தப்படுவதில்லை.

பதிவு

ஒவ்வொரு கூட்டுக்கும் நாள், நேரம், இடம், குழியின் ஆழம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்படுகின்றன. இடத்தைக் குறிக்கத் தொடக்க காலத்தில் கரையோர வீடு, குப்பம், விளக்குக் கம்பம் முதலியனவே அடையாளங்களாக இருந்தன. இத்தகைய அடையாளங்கள் காலப்போக்கில் மறையக்கூடியவை. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவிகள் பரவலான பின் அட்சரேகை, தீர்க்கரேகை வழியாக இடத்தைக் குறிப்பது எளிதாயிற்று. எதுவும் காணப்படாத இரவும் பதிவில் இடம்பெற வேண்டும். நடந்தும் ஒன்றும் இல்லை என்பதும், நடக்கவே இல்லை என்பதும் வேறுவேறு தகவல்கள். இவ்வேறுபாடு பதிவாகாவிடில் ஓராண்டை மற்றோர் ஆண்டுடன் ஒப்பிட இயலாது.

பொரிப்பகம்

கண்டெடுத்த முட்டைகள் துணிப்பையில் வைத்து அன்றிரவே பொரிப்பகத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குப் பின் கரு முட்டையின் மேற்புற உள்ளோட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையை உருட்டினாலோ புரட்டினாலோ கரு இறந்துவிடும். எனவே காலம் தாழ்த்தாமை இன்றியமையாதது.

பொரிப்பகம் என்பது கடற்கரை மணலில் வேலியால் சூழப்பட்ட இடமே. ஆமை தோண்டிய அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டி முட்டைகளை வைத்து மூடுவர். ஒவ்வொரு குழியின் அருகிலும் நாளும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய குச்சி நடப்படும். பொரியும் நாள் நெருங்கும்போது கூடையைக் கவிழ்த்து வைப்பர். வெளிவரும் குஞ்சுகள் எண்ணப்பட்டு, நீரிலிருந்து சற்றுத் தொலைவில் மணலில் விடப்படும். அவை தாமே ஊர்ந்து கடலை அடைகின்றன.

சென்னையில் முட்டைகளை இடம் மாற்றுவதற்கு முதன்மையான காரணம் ஒளி ஆகும். பொரிந்த குஞ்சுகள் இரவில் வெளிச்சம் மிகுந்த அடிவானை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. இயற்கையான கரையில் அது விண்மீன் ஒளியைத் தெறிக்கும் கடலாகும். நகரக் கரையிலோ அது தெருவிளக்காகவும் உயர்கோபுர விளக்காகவும் உள்ளது. குஞ்சுகள் சாலையை நோக்கிச் சென்று வாகனங்களில் நசுங்கியும், நாய், காகம், நண்டு ஆகியவற்றுக்கு இரையாகியும், வெயிலில் உலர்ந்தும் மடிகின்றன. முட்டையிடும் பருவத்தில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்பது குழுவின் நீண்டகாலக் கோரிக்கையாகும்.

இறந்த ஆமைகளின் கணக்கு

கூடுகளைப் போலவே கரையொதுங்கும் உடல்களும் பதிவு செய்யப்படுகின்றன. கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் விலங்கு. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்காவிடில் அது மூழ்கி இறக்கும். விசைப்படகுகளின் இழுவலையில் நெடுநேரம் சிக்கும் ஆமைகளுக்கு இதுவே நேர்கிறது. வலையின் நடுவில் சாய்வான கம்பிச் சட்டமும் திறப்பும் கொண்ட ஆமை விலக்குக் கருவியைப் பொருத்தினால் ஆமைகள் வெளியேற முடியும். மீனில் ஒரு பகுதியும் அத்திறப்பின் வழியே போய்விடும் எனக் கருதுவதால் மீனவர்கள் பலர் இதனை விரும்புவதில்லை.

கரையையொட்டி 5 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தமிழகத்தில் தடை உள்ளது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. எனினும் ஆமைகள் கரையருகே திரளும் சனவரி முதல் மார்ச்சு வரையான மாதங்கள் இத்தடைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுக்கப்பட்ட தடைக்காலம் ஆமைகளுக்குப் பெரிதும் உதவுவதில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

2025 ஆம் ஆண்டு சனவரியில் சென்னையிலும் அதனையடுத்த கரைகளிலும் 1,000க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாக முன்வந்து விசாரித்தது. ஓராண்டின் இறப்பு வழக்கத்துக்கு மாறானது என்று கூற, முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருந்தாக வேண்டும். பல ஆண்டுகளாக நடந்து எண்ணியவர்களின் பதிவு இத்தகைய வேளைகளில் பயன்படுகிறது.

பதிவுகளின் பயன்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 இல் முதன்முறையாக வெளியிடப்பட்டு, 2011, 2019 ஆம் ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் அதன் பின்னரும் கடலாமை முட்டையிடும் இடங்கள் மிகுந்த பாதுகாப்பு உடைய முதல் மண்டலத்தில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாநிலமும் வரையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் அவ்விடங்கள் குறிக்கப்பட வேண்டும்.

இதனால் கூடுகளின் இருப்பிடப் பதிவு சட்ட முக்கியத்துவம் பெறுகிறது. ஆமை ஆண்டுக்குச் சில இரவுகளில் சில மணி நேரம் மட்டுமே கரையில் இருக்கும். பகலில் நில அளவைக்கு வருவோர் கண்ணுக்கு அக்கரை வெறும் மணலாகவே தோன்றும். கூடு இருந்ததை எழுதி வைத்தவர் இல்லையெனில் வரைபடத்திலும் அது இராது. வரைபடத்தில் இல்லாத கூட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோருவதும் கடினம். கடற்கரைச் சாலை, தடுப்புச் சுவர், கட்டடம் முதலிய திட்டங்கள் முன்மொழியப்படும்போது, மீனவர்களின் வலை உலர்த்தும் இடங்களும் படகு நிறுத்தும் இடங்களும் இதே சிக்கலுக்கு உள்ளாகின்றன. பயன்பாட்டில் உள்ள இடமாயினும் பதிவில் இல்லாவிடில் அது காலியிடமாகக் கருதப்படுகிறது.

வரம்புகளும் விமர்சனங்களும்

இப்பதிவுகளைப் பயன்படுத்துவோர் சில வரம்புகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

கூடுகளின் எண்ணிக்கை ஆமைகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரே ஆமை ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடலாம்; அடுத்த ஆண்டு வராமலும் இருக்கலாம். எனவே ஓராண்டின் ஏற்றமோ இறக்கமோ இனத்தின் நிலையைக் காட்டாது. பல ஆண்டுகளின் போக்கையே கருத வேண்டும்.

இறந்து மூழ்கும் ஆமைகளில் ஒரு பகுதியே கரையை அடைகிறது. காற்றும் நீரோட்டமும் அதனை முடிவு செய்கின்றன. ஆகவே கரையில் எண்ணப்படும் உடல்கள் உண்மையான இறப்பின் குறைந்த அளவையே காட்டும்.

பொரிப்பகங்களைப் பற்றியும் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடமாற்றம் முட்டைகளுக்கு ஊறு விளைவிக்கலாம் என்றும், பொரிப்பகத்தின் வெப்பநிலை குஞ்சுகளின் பால் விகிதத்தை மாற்றலாம் என்றும், இயன்ற இடங்களில் கூட்டை இருந்த இடத்திலேயே காப்பதே சிறந்தது என்றும் கூறப்படுகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சி மக்களைக் கவர்வதால், கடலில் முதிர்ந்த ஆமைகள் இறப்பது மறக்கப்பட்டுவிடும் என்னும் கவலையும் உண்டு. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முதிர்ச்சி அடையும் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவ்வாறாயின் வலையில் இறக்கும் ஒரு தாய் ஆமை ஏறத்தாழ பத்துக் கூடுகளின் குஞ்சுகளுக்கு ஈடாகும்.

பிற கடற்கரைகளில்

மாணவர்களின் களப்பணி கடலாமை ஆய்வுக்குப் பங்களித்த வேறு இடங்களும் உண்டு. ஒடிசாவின் ருசிகுல்யா முகத்துவாரத்தில் ஆமைகள் திரளாக முட்டையிடுவதை 1994 இல் அறிவியல் உலகுக்குத் தெரிவித்தவர், அப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிவாசு பாண்டவ் ஆவார். ஒடிசாவில் துடுப்பில் உலோக வில்லை பொருத்தி விடப்பட்ட ஆமைகள் சில பின்னர் இலங்கையையொட்டிய கடலில் காணப்பட்டன. இதனால் ஒடிசாவின் ஆமைகள் தமிழகக் கரையையொட்டி நெடுந்தொலைவு வலசை செல்வது உறுதியாயிற்று.

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பு வழியாகப் பாயும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அம்முகத்துவாரக் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. பேராசிரியர் ஆர். வி. சேசய்யாவின் முயற்சியால் உருவான இம்மையத்தின் மாணவர்கள், ஆற்று முகத்துவாரத்தின் உப்புத்தன்மை, மிதவை உயிரிகள், மீன்கள், அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆய்ந்து வருகின்றனர். பிச்சாவரம் 2022 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கல்வி நிறுவனம் ஒன்றின் பாடத்திட்டத்துக்குள் நிகழும் ஆய்வுக்கு இது எடுத்துக்காட்டு. சென்னைக் குழுவோ மதிப்பெண்ணும் பட்டமும் கருதாத ஆய்வுக்கு எடுத்துக்காட்டு ஆகும்.

தமிழ்நாடு வனத்துறை தற்போது பல கடலோர மாவட்டங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது. 2024 ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

பங்கேற்போர் கவனிக்க வேண்டியவை

முதல் அட்டவணை விலங்கு என்பதால் ஆமையையோ முட்டையையோ அனுமதியின்றிக் கையாளுதல் குற்றமாகும். குழுவின் பணி வனத்துறையின் அனுமதியுடன் நடைபெறுகிறது. நடையில் பங்கேற்போர் கைவிளக்கையும் ஒளிப்படக் கருவியின் மின்னொளியையும் பயன்படுத்தலாகாது. கரையேறும் ஆமையின் எதிரில் நிற்கவோ உரக்கப் பேசவோ கூடாது. அது முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும். தனியே நடக்கும் ஒருவர் தடத்தையோ கூட்டையோ கண்டால் தோண்டிப் பார்க்காமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ தன்னார்வக் குழுவுக்கோ தெரிவிப்பதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

பங்குனி ஆமை
கடலாமை
அடையாறு முகத்துவாரம்
பிச்சாவரம் அலையாத்திக் காடு
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972